பொம்மிடி தாண்டினால் கக்கூஸ் கிடையாது

தின்னப்பட்டியிலிருந்து சேலம் வரைக்கும் ஒரு பொம்பளை என்னை ரயில் கக்கூசுக்குள் விடாமல் மறித்து நின்றாள். எண்பத்தேழில் நடந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் ஆரோக்கியம்மாளைப் பற்றி எழுதச் சொன்னால் நான் வேறெங்கே தொடங்குவது?

மொரப்பூர்ப் பக்கம் எங்கள் ஊரில் என் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. புருஷன் இல்லை. ஒன்றரை ஏக்கரில் தக்காளி போட்டு, கூடையைத் தானே சுமந்து சந்தைக்குக் கொண்டுபோவாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள், அதனால் எனக்கு அக்கா.

அவளுக்கு அடிவயிற்றில் கட்டி வந்தது. சேலம் போய் ஸ்கேன் எடுத்துவரச் சொன்ன டாக்டர், சாப்பிடாமல் போ, தண்ணீர் மட்டும் நிறையக் குடி என்றார். முதல் பாதிதான் அக்கா மனதில் நின்றது. நற்கருணை வாங்குகிற அன்று எச்சில்கூட விழுங்கக் கூடாது என்று சின்ன வயதில் பழக்கியிருந்தார்கள். சாப்பிடாமல் என்றால் அவளுக்கு அதுதான். தண்ணீரும் தொடாமல், நாக்கு ஒட்டிக்கொள்ளப் போய் ஸ்கேனுக்குப் படுத்தாள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தானே பின்னாலிருக்கும் கர்ப்பப்பை தெரியும்? அடுத்த வாரம் வா என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வாரம் புற்றோ என்னவோ என்று அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். கடைசியில் சாதாரணக் கட்டிதான். ஆபரேஷன் செய்து எடுத்துப்போட்டார்கள்.

அதிலிருந்து யாருக்கு ஸ்கேன் என்றாலும் அக்கா கூடக் கிளம்பிவிடுவாள். பங்குச் சாமியாரே தன் ஸ்கேனுக்கு அவளிடம் விவரம் கேட்டுக்கொண்டுதான் போனார்.

பிறகு என் முறை. மூத்திரத்தில் ரத்தம். ஒரு கிட்னியை எடுத்துவிடுவார்கள் என்று டீக்கடையில் சவுரியப்பன் அடித்துச் சொன்னான். நான் கிணறு வெட்டுகிறவன். கிட்னி போனால் கடப்பாரை பிடிக்க முடியாது, பிழைப்பு போச்சு என்று நானே முடிவுகட்டிவிட்டேன். கரண்டு வைப்பார்களா என்று அக்காவிடம் கேட்டேன். ஊசியும் இல்லை, கரண்டும் இல்லை, வயிற்றில் வழவழவென்று பசை தடவி ஒரு கட்டையை வைத்துத் தேய்ப்பார்கள், பசை சில்லென்று இருக்கும், அவ்வளவுதான் என்றாள். வேட்டியைத் தளர்த்திக் கட்டு, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றையும் விடாதே என்றும் சொன்னாள்.

சேலம் ரயிலில், பொம்மிடி வந்ததும் தண்ணீர் நிறைந்த தூக்குப்போசியை நீட்டினாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். தின்னப்பட்டியில் தாங்கவில்லை, எழுந்தேன். அக்கா எனக்கு முன்னால் போய்க் கக்கூஸ் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு ஜெபமாலையை எடுத்தாள்.

"அக்கா, நவுரு. அவசரம்."

"இப்பப் போனியின்னா இன்னொரு நாள் வரணும். அதுவரைக்கும் நீ தூங்க மாட்ட. நான் தூங்கல."

பாவம்மா, ஆளை விடு என்று ஒரு பெரியவர் குறுக்கே வந்தார். உங்களுக்கும் ஒரு போசி தரட்டுங்களா, சேர்த்துக் காவல் இருக்கிறேன் என்றாள். பெட்டியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, சிரிக்கிற நிலையிலும் இல்லை. கருப்பூரில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னிக்கொண்டேன். ஜங்ஷனில் ஆட்டோ பிடித்தோம், ஆட்டோக்காரன் ஒரு பள்ளத்தையும் விடவில்லை.

இருட்டு ரூம். பசை சொன்னபடியே சில்லென்றிருந்தது. வலி இல்லை. நீர்ப்பை நன்றாக நிறைந்திருப்பதால் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்றார் டாக்டர். இரண்டு கிட்னியும் நன்றாக இருந்தன. நீர்ப்பை வாசலில் ஒரு சின்னக் கல், தண்ணீர் குடித்தால் தானே இறங்கிவிடும் என்றார். வெளியே வந்ததும் நான் ஓடிய ஓட்டத்தை அக்கா சாகும்வரை சொல்லிச் சிரிப்பாள் போலிருந்தது. பதினோராம் நாள் கல் விழுந்தது. கேழ்வரகளவு. அக்கா தீப்பெட்டியோடு வந்து வாங்கிப்போய்ச் சந்தையில் எல்லாருக்கும் காட்டினாள்.

எண்பத்தொன்பதில் முழங்கால் வீங்கி, அவளால் ரயில் படி ஏற முடியவில்லை. ஓசூரிலிருந்து மகள் வந்து கூட்டிப்போனாள். பஸ் ஏறும்முன் அக்கா தூக்குப்போசியை என் கையில் கொடுத்தாள்.

"சவுரியப்பனுக்குத் திங்கக்கிழமை ஸ்கேன். நீ கூடப் போ. பொம்மிடியில குடிக்கக் குடு. அப்புறம் கதவுகிட்டப் போய் நில்லு. அவன் என்ன திட்டினாலும் நவுராத."