கேசட்டில் இருக்கும் அந்த டக் டக் சத்தம்

பித்தளையும் கிரீஸும் கலந்த ஒரு வாசனை... எத்தனை சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. சாப்பிடும்போது சோற்றோடு சேர்ந்து வரும்.

எழுபதுகளின் கடைசி. ராஸ் அல் கைமாவில் ஒரு கல் குவாரி ஒர்க்‌ஷாப்பில் நான் ஃபிட்டர். எங்கள் கஃபீலுக்கு, அதாவது விசா கொடுத்த அரபு முதலாளிக்கு, வேட்டைப் பைத்தியம். அவருடைய செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்குத் தோட்டா கப்பலில் வந்து சேர மாதக்கணக்காகும். அதனால் சுட்டு முடித்த காலிக் கூடுகளை மணலில் பொறுக்கி வந்து கொடுப்பார்கள். மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தருவது வெள்ளிக்கிழமைகளில் என் வேலை.

ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் விட்டுப்போன கை பிரஸ்தான் அதற்குக் கருவி. போகும்முன் ஒன்றை மட்டும் நூறு தடவை சொன்னார். தோட்டாவின் அடியில் அழுத்திப் பொருத்தும் ப்ரைமர், தட்டினால் தீப்பற்றும் அந்தச் சின்ன மூடி, மயிரிழைகூடத் துருத்தி நிற்கக் கூடாது, ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார் என்று. இந்த ரைஃபிள் தோட்டாவை உள்ளே தள்ளித் தானாக அறைந்து மூடும். துருத்தி நின்றால் டிரிகரைத் தொடாமலே வெடித்துவிடும்...

அந்த வெள்ளிக்கிழமை காலை, கேம்பில் ஒருவர் லீவில் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரிடம் கேசட் கொடுத்தனுப்ப வேண்டும். அப்போதெல்லாம் எங்கள் கடிதமே அதுதானே. டூ-இன்-ஒன் டேப் ரெகார்டரைப் பிரஸ் பக்கத்தில் வைத்து, ரெகார்ட் பட்டனை அழுத்திவிட்டு, மனைவியிடம் பேசிக்கொண்டே வேலை பார்த்தேன். கல்யாணமாகி நாற்பதாம் நாள் விமானம் ஏறியவன்... பேச்சு நிற்கவில்லை. கை தன் பாட்டுக்குப் பிரஸ்ஸை டக் டக்கென்று அழுத்திக்கொண்டிருந்தது. ஒன்றைக்கூடத் தடவிப் பார்க்கவில்லை.

முடிக்கும் நேரத்தில் முருகேசன் வந்தான். கஃபீலின் டிரைவர், பரமக்குடிக்காரன், ரூமில் எனக்கு அடுத்த கட்டில். தோட்டா டப்பாவை வாங்க வந்தவன் மைக்கருகே குனிந்தான்.

"மதினி, நல்லா இருக்கீகளா? அண்ணனப் பத்திக் கவலப்படாதீக. நான் பாத்துக்கிறேன்."

அன்று சாயங்காலம் பாலைவனத்தில் ரைஃபிளில் தோட்டா போட்டவன் முருகேசன். மூடிய கணத்திலேயே வெடித்தது. எதிரில் நின்ற கஃபீலின் தம்பிக்கு முழங்கால் போயிற்று.

டப்பாவில் மிச்சம் இருந்தவை என்னிடம் திரும்பி வந்தன. தடவிப் பார்த்தேன். மூன்று துருத்திக்கொண்டு நின்றன.

மறுநாள் கஃபீல் கூப்பிட்டார். "கோலி டீக் தா?" தோட்டா சரியாக இருந்ததா என்று கேட்டார். முருகேசன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"டீக் தா, அர்பாப்," என்றேன். வேலை போய்விடும் என்ற பயம்... வேறு காரணம் ஒன்றும் இல்லை.

"கலாஸ்," முடிந்தது என்று எழுந்துவிட்டார். ஒரே வாரத்தில் முருகேசனுக்கு விசா கேன்சல்.

டிரிகரைத் தொடவே இல்லை என்று எல்லாரிடமும் சத்தியம் செய்தவன், பெட்டி கட்டும்போது என்னிடம் சொன்னான்.

"தெரியாம நாந்தேன் தொட்டுட்டேனோ என்னமோ, அண்ணே."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பெட்டிக்குக் கயிறு கட்டிக் கொடுத்தேன்.

என் ஊர் ராமநாதபுரம். ஒவ்வொரு லீவிலும் மதுரை பஸ் பரமக்குடியில் நின்றுதான் போகும். ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

இப்போது பட்டனை அழுத்திப் பேசினால் நொடியில் வாய்ஸ் மெசேஜ் போய்விடுகிறது. மனைவி பத்திரமாக வைத்திருந்த அந்தக் கேசட்டைப் போன வாரம் மகன் போனில் ஏற்றி, குடும்ப குரூப்பில் போட்டான். என் இளவயதுக் குரலைக் கேட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. பின்னால் கேட்கும் டக் டக் என்ன சத்தம் என்று கேட்டார்கள். மெஷின் என்றேன்.

ஒவ்வொரு டக்குக்கும் நடுவே, விரலால் தடவிப் பார்க்கும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்திருக்க வேண்டும்... இல்லை. விடாமல் கேட்டுக்கொண்டே வந்து நிற்கிறது.

அதற்கப்புறம் முருகேசன் பேசுகிறான், நான் பாத்துக்கிறேன் என்று.