மூக்கு அறிந்த ஊர்

"தோல்ஷாப்பு ரெண்டு குடு" என்று சொல்லிவிட்டுப் பாஞ்சாலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். வாரம் தவறாமல் தர்மபுரி பெரியாஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் நடக்கிற சண்டை இது. பக்கத்தில் புருஷன் மாது, இரண்டு கால்களிலும் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"அப்படி ஒரு ஊரே இல்லீங்கம்மா. வண்டி நிக்காது" என்பான் புதுக் கண்டக்டர்.

"ஊரு இல்லாமத்தான் நான் ஆகாசத்துல குடும்பம் நடத்தறனா?"

ஊர் இல்லையாம்! ஒரு காலத்தில் சின்னாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷெட்டும் அதைச் சுற்றிக் குடியிருப்புமாக ஒரு ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. ஆண்கள் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் மிதிப்பார்கள். பெண்கள் ஆவாரம்பட்டை இடிப்பார்கள். அத்தனை கழிவும் ஆற்றில்தான் போகும். பாஞ்சாலி பட்டை இடித்தவள். இன்றைக்கும் சந்தையில் மிளகாயானாலும் துணியானாலும் முகர்ந்து பார்க்காமல் வாங்க மாட்டாள். கடைக்காரன் முறைத்தால், "மூக்குதான்யா நான் படிச்ச படிப்பு" என்பாள்.

அந்த ஊருக்குப் பெயர்ப்பலகை வைக்க யாருக்கும் தோன்றவில்லை. எதற்கு? ஆற்றுப் பாலம் வந்ததும் பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொள்ளும். "தோல்ஷாப்பு வந்துருச்சு, எறங்கு எறங்கு" என்று சனங்களே சொல்லிவிடுவார்கள்.

முதலாளிக்கு லாபம் குறைந்தது. அறுபத்தெட்டாம் வருஷம் ஷெட்டை மூடினான். மூடினால் மூடித் தொலையட்டும், குடியிருப்புக் கூரை ஓடுகளையுமா கழற்றிக்கொண்டு போவான் ஒரு மனுஷன்? "ஒலையில அரிசி வெந்துக்கிட்டு இருக்குது, மேல ஏறி ஓட்டைப் பிரிக்கறானுங்க. தூசியெல்லாம் சோத்துல. அதையுந்தான் தின்னோம்" என்பாள். மற்றவர்கள் வாணியம்பாடிக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போனார்கள். சுண்ணாம்பு தின்ற கால்களோடு மாது எங்கே போவான்? கூரையில் கீற்றைப் போட்டுக்கொண்டு இருவரும் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

நாற்றம் போனது, ஸ்டாப்பும் போனது. அடுத்த ஸ்டாப்பிலிருந்து கல்லும் முள்ளுமாகப் பாதை. மாது நடந்து வீடு சேர்வதற்குள் கட்டு நனைந்து சிவந்துவிடும். இப்படியே புண்ணை நோகடித்தால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் ஆபீசில் போய்க் கேட்டாள். "போர்டு இருந்தா நிறுத்தலாம்" என்றார்கள். பஞ்சாயத்தில் கேட்டாள். "ஒத்தை வூட்டுக்கு எவன் போர்டு வெப்பான்?" என்றார்கள். அடப்பாவிகளா! ஒரு ஊரை அழிக்க ஒருத்தனிடமும் அனுமதி கேட்கவில்லை, ஒரு பலகை நட மட்டும் ஆயிரம் சட்டம்.

போன சந்தையன்று பாப்பாரப்பட்டி கறிக்கடை கவுஸ் பாஷாவிடம் போய் நின்றாள்.

"பாய், பச்சைத் தோலு ஒண்ணு குடுங்க. கெட்டுப்போனதா இருந்தாத் தேவல."

"அதெதுக்கும்மா உனக்கு?"

"ஊருக்கு போர்டு மாட்டணும்."

கவுஸ் பாஷாவின் அத்தா அந்த ஷாப்புக்கே தோல் போட்டவர். ஒன்றுக்கு மூன்றாகச் சாக்கில் கட்டிக் கொடுத்துவிட்டார்.

பாலத்தோரப் புளியமரத்தில் அவை வெயிலில் தொங்கின. ஆஸ்பத்திரி நாள் வந்தது. காலையில் பாஞ்சாலி மாதுவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றாள். பஸ் பாலத்தில் மெதுவாக ஏறியது. உள்ளே முந்தானைகளும் துண்டுகளும் முகத்துக்கு ஏறின.

"அடச்சீ, என்னா நாத்தம்!"

"தோல்ஷாப்பு வந்துருச்சுடோய்!" பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர் கண்ணைத் திறக்காமலே கத்தினார். "எறங்கறவங்க எறங்குங்கப்பா!"

கண்டக்டர் படியில் தொங்கியபடி எட்டிப் பார்த்தான். பாஞ்சாலி அவனையே பார்த்தாள்.

"இப்பச் சொல்லு தம்பி. ஊரு இருக்குதா, இல்லியா?"

அவன் ஒரு கையால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டி நிற்க ஒற்றை விசில் கொடுத்தான்.