ஹமீதுன்னிசா பூசிய சுவர்

1935ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் கொடைக்கானல் ஏரிக்கரைப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. வெயில் ஏறியதும் பனி உருகி, வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்தது. மலையில் எல்லார் வீட்டுச் சுவர்களும் நன்றாகக் காய்ந்திருந்த அந்தப் பருவத்தில், பஜாரில் தஸ்தகீர் ராவுத்தரின் மளிகைக் கடைக்குப் பின்னாலிருந்த படுக்கையறையின் ஒரு சுவர் மட்டும் ஈரமாக இருந்தது.

அந்தச் சுவரில் ஜாஹிதா பீவி உள்ளங்கையை அழுத்தி வைத்தார். எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"என்ன மதினி, உங்க சுவரு அழுவுது?" என்று கேட்டார்.

ஜாஹிதா பழனியிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மாள். அவருடைய மகனுக்குத்தான் ராவுத்தரும் அவர் மனைவி ஹமீதுன்னிசாவும் தம் ஒரே மகள் நஜீமாவைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நஜீமாவுக்கு இப்போது ஐந்து மாதம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது முறை. அதற்காக ஹமீதுன்னிசா தொட்டில் கட்டும் கொக்கியைக்கூட எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துவிட்டார். சுவரைத்தான் மறந்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க மதினி. பச்சப்புள்ள படுக்குற அறை. ஹஜ்ஜுப் பெருநா கழிச்சு நான் மறுக்கா வாறேன். இதே மாதிரி கைய வச்சுப் பாப்பேன். காஞ்சு கெடந்தா நஜீமாவ நானே கூட்டியாந்து விடுறேன். இல்லேன்னா பிரசவம் பழனியிலேதான்."

குத்திக்காட்டச் சொன்ன சொல் அன்று அது. ஜாஹிதாவின் மூத்த குழந்தை நெஞ்சுச்சளியில் தவறிப்போனது என்பது ஹமீதுன்னிசாவுக்குத் தெரியும். அதனால் அவரால் கோபப்படக்கூட முடியவில்லை. சம்பந்தியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தவர், நேராக அந்தச் சுவருக்கு முன்னால் போய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

ஹமீதுன்னிசாவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். மலைக்கு மோட்டார் சாலை வருவதற்கு முன்பே, டோலியில் தூக்கிவரப்பட்டு இந்த வீட்டுக்கு மருமகளானவர். டோலி தூக்கியவர்களுக்கு மூச்சு வாங்கியதைக் கண்டு பாதி வழியில் இறங்கி நடந்துவிட்டார் என்றும், மணப்பெண் நடந்து வருவதைக் கண்ட மாப்பிள்ளை வீட்டார் வாயடைத்து நின்றார்கள் என்றும் பஜாரில் வெகுகாலம் பேசிச் சிரித்தார்கள். ஒரு வேலை நடக்கவேண்டுமென்றால், அதற்கான ஆளைத் தேடுவதைவிடத் தாமே இறங்கிவிடுவது அவருடைய சுபாவம். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கட்டுப்பட்டிருந்தார்: ஆண்கள் வந்துபோகும் கடைப்பக்கத்துக்கு அவர் போவதில்லை.

கடைக்கும் படுக்கையறைக்கும் நடுவே நின்றதுதான் அந்த அழுகிற சுவர். மூங்கிலைப் பிளந்து தட்டியாகப் பின்னி, இரண்டு பக்கமும் மண்ணைக் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசிய தட்டிச்சுவர். ராவுத்தர் அதன் ஒரு பக்கத்தைக் கண்டார். அவர் மனைவி மறுபக்கத்தைக் கண்டார். அது தவிர அந்தச் சுவரைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே கிடையாது.

கொத்தனார் ஒருவர்கூட அகப்படவில்லை. சீசனுக்குத் துரைமார் வருவதற்குள் பங்களாக்களுக்கு வெள்ளையடித்து முடிக்கவேண்டுமென்று எல்லாரும் மேட்டுப் பக்கம் போய்விட்டார்கள். எஞ்சியிருந்தவர் சின்னத்தாயி மட்டுந்தான். கொத்தனார்களிடம் சித்தாளாக வேலைசெய்தவர். மேஸ்திரியின் மீசையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு, அன்றைக்கே வேலையை விட்டு வந்திருந்தார்.

"மேஸ்திரிக்கு மீசைதான் பெருசு, ராவுத்தரம்மா. கரண்டி பிடிக்கிற கையி எனக்குத்தான் ஒழுங்கா வரும். நாம ரெண்டு பேரும் வெரசா முடிச்சிருவோம்."

"எனக்கு வெள்ளையடிக்க மட்டுந்தான் தெரியும், சின்னத்தாயி."

"நாளைக்குப் பூசவும் தெரிஞ்சிரும். வாங்க."

பழைய தோசைத் திருப்பியால் ஹமீதுன்னிசா உரித்தார். உப்பியிருந்த சுண்ணாம்பு அப்பளம்போல் நொறுங்கி விழுந்தது. அடியில் கலங்கியிருந்த மண்ணைக் கொஞ்சம் சுரண்டி, புது மண்ணை வைத்து அடைத்துத் தேய்த்தார்கள். அது காய்ந்ததும், கடுக்காய்த் தண்ணீர் கலந்த சுண்ணாம்பைப் பால்போல் நீர்க்கக் கரைத்து முதல் பூச்சு அடித்தார்கள். பழஞ்சுவர் புதுச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ள அதுதான் வழி என்றார் சின்னத்தாயி. அதன்மேல் கெட்டியாக இரண்டாம் பூச்சு. கற்றாழை நார் மட்டையால் ஒருமுறை மேலும் கீழுமாக, மறுமுறை இடமும் வலமுமாக அடித்து முடித்தபோது, அறை விளக்கேற்றினாற்போல் வெளிச்சமாயிற்று.

மறுவாரம் மேகம் இறங்கிற்று. பகல் முழுதும் பஜாரே வெண்மையாகக் கரைந்து கிடந்தது. மேகம் கலைந்த காலையில், சுவரின் நடுவே பழைய இடத்திலேயே பாய் அகலத்துக்கு ஈரம். அதன் ஓரமெல்லாம் மெல்லிய வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

ராவுத்தர் வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "சுண்ணாம்பு சரியில்லே புள்ளே."

"உங்க கடைச் சுண்ணாம்புதாங்க!" என்றார் சின்னத்தாயி.

ராவுத்தர் தலையை இழுத்துக்கொண்டார்.

ஹமீதுன்னிசா நாள்களை எண்ணினார். பெருநாளுக்கு அதிக நாள் இல்லை. மகள் சம்பந்தி வீட்டில் வலியெடுத்துக் கிடக்க, தாம் இங்கே இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தார். சுவரோரம் உட்கார்ந்தவர், அந்த வெள்ளைப் பொடியை விரலால் தொட்டுத் தேய்த்தார். நறநறவென்றது. பூஞ்சணம் நறநறக்காது. ஆணக்குழம்பில் காரம் பார்க்கும் பழக்கத்தில், யோசிக்காமல் விரலை நாக்கில் வைத்துவிட்டார்.

கரித்தது. சமையலறையில் தினந்தோறும் அள்ளிப் போடும் அதே கரிப்பு.

"சின்னத்தாயி! இங்கே வந்து சுவரை நக்கிப் பாரு!"

"என்ன ராவுத்தரம்மா, புத்தி கித்தி..."

"நக்குடீ!"

சின்னத்தாயியும் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை அகல விரித்தார். "ஆத்தாடி! உப்பு!"

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்காக ராவுத்தர் கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். கடையில் ஆணே இல்லாத நேரம் வாரத்தில் அது ஒன்றுதான். ஹமீதுன்னிசா நடுக்கதவைத் திறந்துகொண்டு கடைக்குள் நுழைந்தார். மிளகும் மல்லியும் மணத்த அந்த இருட்டுக்குக் கண் பழகியதும் பார்த்தார்: அந்தத் தட்டிச்சுவரில் சாய்த்து, தரையிலிருந்து தலையுயரத்துக்கு, உப்பு மூட்டைகள். சென்ற ஆண்டு பிஸ்கட் டப்பாக்களுக்கென்று ராவுத்தர் புதிதாக ஓர் அலமாரி அடித்தபோது இடம் மாறிவந்த மூட்டைகள் அவை. சுவர் அழத் தொடங்கியதும் சென்ற ஆண்டுதான். இறங்குகிற மேகத்தின் ஈரத்தையெல்லாம் உப்பு இழுத்துக் குடித்து, சுவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

தொழுகை முடிந்து வந்த ராவுத்தர், தம் கடைக்குள்ளே, தம் உப்பு மூட்டையின்மேல், தம் மனைவி கைகட்டி உட்கார்ந்திருக்கக் கண்டார்.

"என்ன புள்ளே இது, கடையிலே வந்து..."

"ஏங்க, நம்ம பேரப்புள்ள பெருசா, உப்பு மூட்டை பெருசா?"

"இது என்ன கேள்வி?"

"சொல்லுங்க."

"பேரப்புள்ளதான்."

"அப்ப இந்த மூட்டைகளைத் தூக்குங்க."

விவரம் கேட்டபின் ராவுத்தரும் சுவரைத் தொட்டு நக்கிப் பார்த்தார். "நம்ம உப்புதான்" என்று சற்றுப் பெருமையாகவே ஒப்புக்கொண்டார். ஆனால் மூட்டைகளை வைக்க வேறிடம் ஏது? கடையின் நட்டநடுவில் பலகை போட்டு அடுக்கவேண்டியதாயிற்று. ராவுத்தர் உட்காரும் பெஞ்சுக்கு இடமில்லாமற்போகவே, அந்த மூட்டைகளின் மேலேயே ஏறி உட்கார்ந்து வியாபாரம் செய்தார். மறுநாளே பஜார் அதைப் பிடித்துக்கொண்டது.

"ராவுத்தரே, சிம்மாசனம் எப்பப் போட்டீங்க?"

"நேத்துத்தான் பட்டம் கட்டுனாக. என்ன வேணும், சொல்லு."

இம்முறை மேலாகச் சுரண்டவில்லை. உப்பேறிய மண்ணை இரண்டு பக்கமும் மூங்கில் தெரியுமட்டும் கொத்தி அள்ளி, வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். பூஞ்சணம் பிடித்த மூங்கில் பிளாச்சுகளை அறுத்தெறிந்து, ஆடலூர்ப் பக்கத்திலிருந்து தேன் கொண்டுவரும் பொன்னனிடம் சொல்லிப் புது மூங்கில் வாங்கிப் பின்னினார்கள். மிச்ச உப்பும் ஈரமும் போகட்டுமென்று, தட்டியைப் பூசாமல் அப்படியே காற்றாட விட்டார்கள்.

அந்த நாள்களைப் போல ஹமீதுன்னிசா அந்த வீட்டில் என்றுமே மகிழ்ந்ததில்லை. மூங்கில் கண்களின் வழியே கடை முழுதும் அவருக்குத் தெரிந்தது. அவரை யாருக்கும் தெரியவில்லை. யார் வருகிறார், என்ன பேசுகிறார், தம் கணவர் எத்தனை பொய்க் கோபம் கோபிக்கிறார் என்பதெல்லாம் இத்தனை ஆண்டுகளுக்குப்பின் கண்கூடாயிற்று. வாயை அடக்க அவரால் முடியவில்லை.

"ஏங்க, சீரகம் அந்த டப்பாவிலே இல்லே. மேல் தட்டுலே பாருங்க."

சாமான் வாங்க வந்த அடுக்கம் ஊர்க் குழந்தைவேல் திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். "யாருங்க ராவுத்தரே பேசுறது?"

"சுவரு" என்றார் ராவுத்தர் முகம் மாறாமல். "எங்க வீட்டுச் சுவரு முந்தி அழுதுக்கிட்டு இருந்துச்சு. இப்பப் பேசப் பழகியிருக்கு."

தட்டிக்குப் பின்னால் ஹமீதுன்னிசா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார்.

தட்டி நன்றாகக் காய்ந்ததும் நறுக்கிய புல்லைக் கலந்து மிதித்த மண்ணை இருபுறமும் அப்பினார்கள். அடுப்பு வைத்து அவசரமாகக் காய்ச்சலாம் என்றார் ராவுத்தர். சூடு பட்டால் வெடிக்கும் என்று சின்னத்தாயி தடுத்துவிட்டார். அதன்மேல் சுண்ணாம்புச் சாந்து. அதன்மேல் பால்போன்ற முதல் பூச்சு. கடைசிப் பூச்சுக்கு மட்டும் வண்ணம் வேண்டுமென்று ராவுத்தர் ஆசைப்பட்டார்.

"மஞ்சளா அடிச்சா மங்களமா இருக்கும். கடையிலே மஞ்சத்தூள் மூட்டையாக் கெடக்குது" என்றவர், யாரையும் கேளாமல் ஒரு கை அள்ளிச் சுண்ணாம்பு வாளியில் போட்டுக் கலக்கினார். வாளி முழுதும் செக்கச் செவேலென்று மாறிற்று.

சின்னத்தாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "ராவுத்தரே! யாருக்கு ஆரத்தி சுத்தப் போறீங்க?"

"உங்க அத்தா கலக்குன கலருன்னு நஜீமாகிட்டச் சொல்லுவேன்" என்றார் ஹமீதுன்னிசா. அந்த வாளி வாசலில் கவிழ்ந்தது. வேறு வாளியில் ஒரு சிட்டிகை நீலம் கலந்து, கொடைக்கானல் வானம் வெயில் நாளில் இருப்பதுபோன்ற மெல்லிய நீலத்தில் சுவர் முடிந்தது.

பெருநாள் கழிந்தது. ஜாஹிதா பழனியில் ரயிலேறி, திண்டுக்கல்லில் வண்டி மாறி, மலை பஸ்ஸில் வந்து சேர்ந்தார். அதற்குமுன் மூன்று நாள் மேகம் விடாமல் மூடியிருந்தது. அன்று காலையில் ஹமீதுன்னிசா சுவரை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். எங்கும் காய்ந்திருந்தது. தரையை ஒட்டிய மூலையில் மட்டும், ஒரு கையகலத்துக்கு ஈரம் தட்டுப்பட்டது.

ராவுத்தர் உடனே மரப்பெட்டியை அந்த மூலைக்கு நகர்த்தினார். "யாரு குனிஞ்சு பாக்கப் போறா?"

ஹமீதுன்னிசா பெட்டியைப் பார்த்தார். அந்த மூலையைப் பார்த்தார். பிள்ளையைப் பறிகொடுத்த கை வந்து தொடப்போகிறது என்பதை நினைத்தார்.

"பெட்டியைப் பழைய இடத்துலே வைங்க" என்றார்.

ஜாஹிதா வந்ததும் வராததுமாகச் சுவரில் கைவைத்தார். நடுவில் வைத்தார், மேலே எட்டி வைத்தார், கன்னத்தையும் வைத்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஹமீதுன்னிசாவே குனிந்து மூலையைக் காட்டினார்.

"இங்கே இன்னும் ஈரந்தான், மதினி. உள்ளே உப்பு கொஞ்சம் நின்னு போச்சு."

ராவுத்தர் கூரையைப் பார்த்தார். ஜாஹிதா குந்தி உட்கார்ந்து அந்த இடத்தைத் தொட்டார். பிறகு எழுந்து, "ராத்திரி எனக்கு இந்த அறையிலேயே பாய் போடுங்க. இந்தச் சுவரை ஒட்டியே போடுங்க" என்றார்.

காலையில் அவர் வெயிலேறும்வரை எழுந்திருக்கவில்லை. கதவைத் திறந்து வந்தவர், ஹமீதுன்னிசா நீட்டிய தேநீரை வாங்கிக்கொண்டு சொன்னார்: "பழனியிலே ஒரே கொசுக்கடி. இப்படித் தூங்கி வருசமாச்சு. நல்லதை மட்டும் காட்டியிருந்தீங்கன்னா நான் நம்பியிருக்கமாட்டேன், மதினி. ஏழாம் மாசம் பொறந்ததும் புள்ளையக் கூட்டியாறேன்."

கடைப்பக்கத்திலிருந்து, மூட்டைச் சிம்மாசனத்தின் மேலிருந்து, "அல்ஹம்துலில்லாஹ்!" என்ற சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது.

ஜூன் மாதம், தென்மேற்கு மழை மலையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், அந்த நீல அறையில் நஜீமாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்த ஜாஹிதா, ஹமீதுன்னிசாவின் மடியிலிருந்த பேத்தியின் நெஞ்சில் காதை வைத்து மூச்சைக் கேட்டார், முகம் மலர்ந்தது. பின்பு வழக்கம்போல் சுவரைத் தொட்டார். காய்ந்திருந்தது. குனிந்து மூலையைத் தொட்டார். அங்கே மெல்லிய வெள்ளைப் பொடி விரலில் ஒட்டிற்று.

"ஏன் மதினி, இது மறுக்கா பூத்துச்சுன்னா என்ன செய்வீங்க?"

"சுரண்டிட்டுப் பூசுவேன்" என்றார் ஹமீதுன்னிசா.