கேக்குப் பழமும் கித்தேரியம்மாளும்

மலையிறங்கும் பேருந்தில் கித்தேரியம்மாள் பிரேக் போட்டுக்கொண்டே வந்தார். உட்கார்ந்திருந்தது டிரைவருக்குப் பின்சீட்டில். அவர் காலடியில் இருந்தது என் பை. வளைவுக்கு வளைவு அவருடைய வலது கால் அதை அமுக்கியது. வக்கீலுக்கென்று நான் வாங்கி வைத்திருந்த ஆரஞ்சு நசுங்கிச் சாறு வழிந்தது. அது போதாதென்று, "செகண்டுக்கு மாத்துங்க தம்பி, செகண்டு!" என்று டிரைவருக்கும் பாடம் நடந்தது. "யக்கா, என்கிட்ட லைசென்ஸ் இருக்கு" என்றார் அவர். அந்தப் பேச்சு எங்கே குத்தும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கித்தேரியம்மாளின் லைசென்ஸ் ஒரு வருடமாக அவர் கையில் இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டினார் என்று கொடைக்கானலில் தண்டனையாகி, அதை எதிர்த்துப் போட்ட அப்பீலுக்கு அன்று தீர்ப்பு. "கீழ்க்கோர்ட்டு மேல மலையில கெடக்கு. மேல்கோர்ட்டுக்குக் கீழ எறங்கணும். இதுலயே தெரியலையா டீச்சர், என் கேசு தலைகீழாப் போகுதுன்னு?" என்று சிரித்தார். நாயுடுபுரத்தில் பக்கத்து வீட்டுக்காரி என்ற பாவத்துக்கு என்னையும் லீவு போட வைத்துவிட்டார்.

ஐம்பது தாண்டிய உடம்பு, சேலைக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர். வண்டி ஓட்டும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். போட்டிருந்தால் கிளட்ச் தெரியாதாம். தங்கை ஜூலியட் கேக் போடுகிறாள். அக்கா அதைப் பிக்கப் வண்டியில் பழனி வரை கொண்டுபோய்க் கொடுப்பார். மலைப்பாதையில் அவர் யாரையும் முந்தியதில்லை. முந்தியவர்களைத் திட்டாமல் விட்டதுமில்லை.

லைசென்ஸ் போனபின் வண்டி வாசலில் நின்றது. கேக்கை ஜூலியட் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைந்தாள். கித்தேரியம்மாள் மட்டும் தினமும் வெள்ளனே எழுந்து கண்ணாடியைத் துடைப்பார். டிரைவர் சீட்டில் ஏறி ஸ்டார்ட் செய்து, ஒரு ஹாரன் அடித்துவிட்டு இறங்குவார். கடைத்தெருவில் எவனாவது, "என்னக்கா, ஒரு கட்டிங் போடுவமா?" என்பான். அங்கே சிரித்துக்கொண்டே வந்துவிடுவார். வீட்டுக்கு வந்தபின் பாத்திரங்கள் உருளும். எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அவர் வாழ்நாளில் குடித்ததே இல்லை. அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகச் சொன்னவர்களிடம், "குடிக்காததக் குடிச்சேன்னு ஒத்துக்கிற நான் என்ன லூசா?" என்று வழக்கை நடத்தித் தோற்றார். போலீஸ் ஊதச் சொன்ன கருவி காட்டியது காட்டியதுதானே! அப்பீலுக்கு வந்த வக்கீல் நல்லசாமிதான், "அன்னைக்கு வண்டியில என்னம்மா சாப்ட்டீங்க?" என்று முதன்முதலாகக் கேட்டார்.

"என்னத்த சாப்ட்டேன், கேக்குப் பழந்தான்."

எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸுக்குப் பல மாதம் முன்பே உலர்திராட்சையையும் செர்ரியையும் ரம்மில் ஊறப்போடுவார்கள். ஜூலியட்டின் ஜாடியைத் திறந்து பதம் பார்க்கும் சோலி கித்தேரியம்மாளுடையது. அன்று கிளம்பும்போது ஒரு கைப்பிடி அள்ளி, கியர் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மென்றபடி இறங்கியிருக்கிறார். போலீஸ் நிறுத்தியபோதும் வாயில் பழம்.

நல்லசாமி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இத ஏம்மா அந்தக் கோர்ட்டுல சொல்லல?"

"பழம் தின்னத யாராச்சும் கோர்ட்டுல போய்ச் சொல்லுவாங்களாய்யா?"

அவர் மறைக்கவில்லை, சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் யாரும் கேக்குப் பழத்தைச் சாராயத்தோடு சேர்ப்பதில்லை. என் வீட்டு ஜாடியைத் திறந்து நானும் அப்படித்தான் தின்றிருக்கிறேன்.

இனிமேல் சொன்னால் கட்டுக்கதை என்பார்களே என்று நல்லசாமிக்குக் கவலை. ஆனால் முதல் விசாரணையிலேயே அந்தப் போலீஸ்காரர் சாட்சிக் கூண்டில், "வண்டி நின்றதும் ஊதச் சொன்னேன். மரியாதை இல்லாமல் எதையோ மென்றுகொண்டே ஊதினார்" என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு அந்த 'மரியாதை இல்லாமல்' என்ற வார்த்தைக்காகக் கித்தேரியம்மாள் சண்டைக்குப் போனாராம். அதிலிருந்த 'மென்றுகொண்டே'யை நல்லசாமி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கருவி காட்டியது வாயிலிருந்த பழத்தின் ரம்மைத்தான், வாயைக் கொப்பளிக்கவும் சொல்லவில்லை, சற்றுப் பொறுத்து மறுபடி ஊதவும் சொல்லவில்லை, ரத்தமும் எடுக்கவில்லை என்று வாதாடினார்.

பஸ்ஸிறங்கிக் கோர்ட்டுக்குள் போய் உட்கார்ந்ததும் பெயரைக் கூப்பிட்டார்கள். கித்தேரியம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. நீதிபதி வாசித்துக்கொண்டே போனார். "மென்றுகொண்டே" என்ற இடம் வந்ததும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். கடைசியில், சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை என்றார்! கைதட்டப் போன நான் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன். கித்தேரியம்மாள் அடங்கவில்லை.

"ஐயா, எம்மேல இன்னும் என்னங்கய்யா சந்தேகம்?"

"யம்மா, ஜெயிச்சாச்சு! வெரசா வாங்க வெளிய!" என்று நல்லசாமி அவரைத் தள்ளாத குறையாகக் கூட்டிவந்தார். வராந்தாவுக்கு வந்தபின்தான் கித்தேரியம்மாளுக்கு உறைத்தது. "மாதாவே!" என்று போட்ட சத்தத்தில் டைப்பிஸ்டுகள் எட்டிப் பார்த்தார்கள். நசுங்கிய ஆரஞ்சை வக்கீல் கையில் திணித்தார், அழுதார், சிரித்தார். போனில் தங்கையை, "ஏய் ஜூலி, வண்டியக் கழுவி வையி!" என்று விரட்டினார்.

லைசென்ஸ் கைக்கு வந்த காலையில் எங்கள் தெருவே வாசலில் நின்றது. பின்னால் கேக் பெட்டிகள் ஏறின. கித்தேரியம்மாள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறி, ஸ்டார்ட் செய்து, ஹாரனை அழுத்தியவர் கையை எடுக்கவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஜூலியட் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"யக்கா, இந்த வருசப் பழம். பதம் பாத்துச் சொல்லிட்டுப் போயிரு."

கரண்டியில் செர்ரி மின்னியது. கித்தேரியம்மாள் பழத்தைப் பார்த்தார், ஸ்டீயரிங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சத்தியமா இது குடியில்ல டீச்சர்."

எஞ்சினை நிறுத்தினார். சாவியை உருவி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கிவிட்டார். அப்புறம்தான் தங்கைக்கு நேராக வாயைத் திறந்தார்.