கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவர்

ஒரு கையால் குழம்பைக் கிளறிக்கொண்டே மறு கையில் திகில் நாவலைப் பிடித்துப் படிக்கும் அண்ணிதான் முதலில் நினைவுக்கு வருகிறார். அட்டையில் ரத்தம் சொட்டும் கத்தியோ தலைவிரித்த பெண்ணோ இருக்கும். அது அம்மாவின் கண்ணில் படாமலிருக்கப் பழைய காலண்டர் தாளைப் போட்டு மூடியிருப்பார். பக்கங்களில் புளி கரைத்த விரலின் தடம் விழுந்திருக்கும்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. நாங்கள் கருவடிக்குப்பத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். அண்ணன் சைக்கிளில் போகும் தூரத்திலிருந்த மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினான். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். வாடகை நூலகத்திலிருந்து வரும் புத்தகத்தை அண்ணிக்கு அடுத்து நான்தான் படிப்பேன். படித்ததைப் பற்றிப் பேசுவது அதைவிட சுகம். அண்ணிக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. பேய் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிட்டால் புத்தகத்தை மூடிவிடுவார். "வந்துட்ட பேய்க்கு என்னா பயம்? வருமா வராதான்னு இருக்கற வரைக்கும்தான் பயம்" என்பார். பாழடைந்த பங்களாக் கதைகள் அவருக்குச் சிரிப்பு. "நம்ம ஊர்ல பிரெஞ்சுக்காரங்க கட்டுன பங்களா எவ்வளோ இருக்கு. எல்லாத்துலயும் ஓட்டல் வச்சிட்டாங்க. பேய் எங்க போயி தங்கும்?" கொலைக்கதை என்றால், கொன்றது யார் என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. செத்தவள் ஏன் கதவைத் திறந்தாள் என்பதைத்தான் எழுத்தாளர் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் விட அவருக்குப் பிடிக்காதது, கடைசி அத்தியாயத்தில் போலீஸ்காரர் உட்கார்ந்து எல்லா முடிச்சையும் அவிழ்ப்பது. பாதி தெரியாமல் போனால்தான் கதை கூடவே வரும் என்பார். நானும் தலையாட்டுவேன்.

ஒரு மழைக்கால மதியம். அம்மா உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். எனக்குக் கல்லூரி விடுமுறை. காலையிலிருந்து மின்சாரம் இல்லை. யாரோ கதவைத் தட்டினார்கள். அண்ணி ஜன்னலை விரலளவு திறந்து யாரென்று கேட்டார். குடை முகத்தை மறைத்திருந்தது. பணிவான ஆண் குரல். அண்ணனின் பெயரைச் சொல்லி, கூட வேலை செய்பவன் என்றது.

"அண்ணன் கை மெஷின்ல மாட்டிக்கிச்சிக்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. முனையில ஆட்டோ நிக்குது, ஒடனே வாங்க."

நான் தாழ்ப்பாளை நோக்கி ஓடினேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார்: "காலையில டிபன் பாக்ஸ் எடுத்துட்டுப் போனாரே, அத எடுத்து வச்சிட்டீங்களா?"

"எல்லாம் பத்திரமா இருக்குக்கா. சீக்கிரம் வாங்க."

அண்ணன் டிபன் பாக்ஸ் கொண்டுபோவதே இல்லை. கேன்டீனில்தான் சாப்பிடுவான்.

"நீங்க போங்க. நாங்க பின்னாலயே வரோம்" என்று அண்ணி ஜன்னலைச் சாத்தினார். பதற்றத்தில் இருப்பவன் எதைக் கேட்டாலும் ஆமாம் என்றுதானே சொல்வான்? "அண்ணி, நெஜமா இருந்தா?" என்றேன். அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் என் மணிக்கட்டை விடவில்லை. "நெஜமா இருந்தா வேற யாராவது வருவாங்க" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பது கல்யாணமான பிறகுதான் எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. எதிர்வீட்டில் இருந்தது. ஆனால் அங்கே போகக் கதவைத் திறக்க வேண்டும்.

தட்டுவது நின்றது. மழைச் சத்தம் மட்டும். போய்விட்டான் என்று நினைத்தேன். அப்போது கொல்லைக் கதவு மெல்ல உள்ளே அழுந்தியது. யாரோ தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்ப்பதுபோல, அவசரமே இல்லாமல். தாழ்ப்பாள் ஒருமுறை முனகியது. மறுபடியும் முனகியது. நாங்கள் இருவரும் அதையே பார்த்தபடி நின்றோம்.

தெருவில் மீன்காரம்மாவின் குரல் கேட்டது. வைத்திக்குப்பத்திலிருந்து வழக்கமாக வருபவர். அண்ணி முன் ஜன்னலை விரியத் திறந்து அவரைக் கூப்பிட்டார். அது கூப்பாடு இல்லை, அலறல். மீன்காரம்மா கூடையோடு படியேறி வந்த பிறகுதான் கதவைத் திறந்தோம்.

"சந்துல ஒருத்தன் போனானே, அவனா? நல்லா சட்ட போட்டுக்கினு, கொட பிடிச்சிக்கினு நடந்து போறான்" என்றார் அவர். முனையில் ஆட்டோ எதையும் அவர் பார்க்கவில்லை.

எதிர்வீட்டிலிருந்து தொழிற்சாலைக்குப் பேச முயன்றோம். மழையில் லைன் கிடைக்கவில்லை. மாலையில் அண்ணன் நனைந்தபடி சைக்கிளில் வந்து இறங்கினான். அண்ணி அவன் இரண்டு கைகளையும் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

போலீசில் சொன்னோம். முகம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். நாங்கள் பார்த்தது குடையையும் சட்டையையும்தான். அவனுக்கு அண்ணனின் பெயர் தெரிந்திருந்தது, வேலை தெரிந்திருந்தது, அன்று அம்மா இல்லாததும் தெரிந்திருந்தது. அவன் அகப்படவே இல்லை. அதன்பின் அண்ணனுடைய நண்பர்கள் யார் வந்தாலும் அண்ணி டீ கொடுத்துவிட்டு அடுக்களைக் கதவோரம் நின்று குரலைக் கேட்பார். சிரித்துப் பேசும் குரல்களை இன்னும் கூர்ந்து கேட்பார். அந்த வீட்டையும் சீக்கிரமே காலி செய்தோம்.

படிப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. ஆனால் கையில் கிடைத்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவார். கொலைகாரன் பெயர் அங்கே இருந்தால் மட்டுமே முதல் பக்கத்துக்கு வருவார். அவர் ஏளனம் செய்த அந்த போலீஸ்காரரின் விளக்கத்தை வரிவிடாமல் படிப்பார்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனபோது ஒரு புதிய நாவலைக் கொடுத்தேன். நன்றாக எழுதப்பட்டது, முடிவு மட்டும் திறந்தே இருக்கும். கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். இவ்வளவு வருஷம் ஆகிவிட்டதே, இனி அவன் யாரென்று தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது என்று கேட்டேன்.

"தெரிஞ்சா அவன் ஒரே ஒரு ஆளாயிடுவான் இல்ல" என்றார் அண்ணி. "தெரியாததாலதான், பாக்கற ஆளெல்லாம் அவனா இருக்கு."