எங்கள் வீட்டு நாய்க்கு நகம் வெட்டிய கதை

"ஒண்ணு நாய்க்கு நகத்த வெட்டுங்க, இல்ல வீட்டக் காலி பண்ணுங்க" என்று ஹவுஸ் ஓனர் சொன்னபோது நான் பால் பாக்கெட்டோடு மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். தல்லாகுளத்தில் நாயை வைத்துக்கொண்டு வாடகை வீடு தேடுவது என்ன பாடு என்று தேடியவர்களுக்குத்தான் தெரியும். சைவமா அசைவமா என்று கேட்பார்கள். எத்தனை பேர் என்று கேட்பார்கள். எல்லாம் சரியாக வந்து, கடைசியில் நாய் என்றதும் "நேத்துத்தான் ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்" என்பார்கள். இந்த மனிதர் ஒருவர்தான் "நாயா? இருந்துட்டுப் போகட்டும்" என்றவர். இப்போது அவரே காலி பண்ணச் சொல்கிறார்.

"விடியக்காலம் அஞ்சு மணிக்கே தலைக்கு மேல டக்கு டக்குனு ஒரே நடைம்மா. கண்ண மூட முடியல. நானும் எம்புட்டு நாளைக்குத்தான் பொறுக்குறது?"

"அது ஏழு மணிக்கு முன்னாடி எந்திரிக்கவே எந்திரிக்காது சார்."

"அப்பப் பேயா நடக்குது?"

அதற்குமேல் வாதாட முடியுமா? நான் கோர்ட்டில் டைப் அடிக்கிறவள்தான், வக்கீல் இல்லை. பகலில் எங்கள் நாய் டைல்ஸ் தரையில் நடந்தால் சத்தம் வருவதும் உண்மைதான். திருப்பரங்குன்றம் பஸ் ஸ்டாப்பில் குட்டியாக என் சேலையைப் பிடித்து இழுத்தவன், இப்போது கன்றுக்குட்டி உயரம். நகமும் அதற்கேற்ப வளர்ந்து வளைந்திருந்தது. ஓனரின் மனைவி, மகளின் பிரசவத்துக்கென்று கோயம்புத்தூர் போனதிலிருந்து மனிதர் கீழே தனியாக இருந்தார். ஆள் பேச்சில்லாத வீட்டில் எல்லாம்தான் காதில் விழும் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே வந்து கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தபடியே அவரைத் திட்டித் தீர்த்தேன். கோபம் வந்தால் எனக்கு உட்கார்ந்து பேச வராது. விடியலில் எழுந்து சமையல், டிபன் டப்பா, துணி என்று ஓடும்போதும் இப்படித்தான், யாரையாவது திட்டிக்கொண்டேதான் ஓடுவேன். என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நகம்தான, வெட்டிட்டாப் போச்சு" என்றார்.

"ரத்தம் வந்துட்டா?"

"ரத்தமா? நான் பாக்காத ரத்தமா?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. குலசாமி கோயிலில் வருசா வருசம் கிடா வெட்டும்போது ஆட்டின் காலைப் பிடிக்கிறவர் அவர்தான். மற்ற பங்காளிகள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கும் இடத்தில் இவர் தெறித்த சட்டையோடு பந்திக்கு வந்து உட்காருவார். அப்படிப்பட்டவர் துணைக்கு இருக்கும்போது எனக்கென்ன பயம்?

கோரிப்பாளையத்தில் நாய் சாமான் விற்கிற பாயிடம் நகவெட்டி வாங்கப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "நகம் வெள்ளையா கறுப்பாக்கா?" என்பது.

"கறுப்பு."

"அப்ப உள்ள ரத்தம் ஓடுற சதை வெளிய தெரியாது. வெள்ளைன்னா ரோஸ் கலர்ல தெரியும், அதுக்கு முன்னாடியே நிறுத்திக்கலாம். கறுப்புக்கு நுனிய மட்டும் கொஞ்சங்கொஞ்சமாச் சீவுங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் வெட்டுன எடத்தப் பாருங்க. நடுவுல கறுப்பா ஒரு பொட்டு தெரிஞ்சா அதோட நிறுத்திருங்க." பிறகு சின்ன டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். "ரத்தம் வந்தா இந்தப் பவுடர வச்சு அமுக்குங்க, நின்னுரும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "ரத்தம் வராம வெட்டத் தெரியாதா எனக்கு?"

"தெரியும்க்கா, தெரியும்" என்று டப்பாவை உள்ளே வைத்துவிட்டார். "இருந்தாலும் வீட்டுல மைதா இருக்கும்ல? கைக்கெட்டுற தூரத்துல வச்சுக்கங்க."

மைதாவை அடுப்படியிலேயே விட்டுவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். சும்மா சொல்லக் கூடாது, ஆரம்பம் அமர்க்களமாக இருந்தது. கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவனை மடியில் கட்டிக்கொண்டார். நான் காலை எடுத்து விரலை லேசாக அழுத்தி, நகத்தை வெளியே தள்ளி, நுனியை மட்டும் சீவினேன். அவன் வழக்கம்போலக் குனிந்து என் கால் விரல் மெட்டியை நக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு அது குழந்தைக்கு மிட்டாய் மாதிரி. முன்னங்கால் இரண்டும் முடிந்தன. உள்பக்கம் தரையில் படாமல் தொங்குகிற கட்டைவிரல் நகத்தைக்கூட மறக்காமல் வெட்டினேன். பின்னங்கால் ஒன்றும் முடிந்தது. ஒவ்வொரு நகத்துக்கும் ஒரு துண்டு பிஸ்கட். அதில் பாதியைக் கணவர் தின்றார்.

"அம்புட்டுத்தான், இதுக்குப் போயி பயந்தியே" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, கீழேயிருந்து ஓனர் ஒட்டடைக் கம்பால் கூரையை இடித்தார். டம், டம் என்று எங்கள் அடியில். நகம் விழுகிற சத்தத்துக்கா, நாங்கள் பேசிய சத்தத்துக்கா, இன்றுவரை தெரியாது. நாய் துள்ளியது. என் கையிலிருந்த நகவெட்டி நகத்தின் சதையோடு சேர்த்து மூடிக்கொண்டது. அவன் கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

கணவரின் பிடி நழுவி அவன் ஓடினான். கூடம், அடுப்படி, படுக்கையறை, மறுபடி கூடம். போன இடமெல்லாம் வெள்ளை டைல்ஸில் சிவப்புச் சிவப்பாகத் தடம். ஒரு நகத்திலிருந்து இவ்வளவு ரத்தம் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. "புடிங்க அவன!" என்று கத்திக்கொண்டே திரும்பிப் பார்த்தால், கிடாய்க்குக் கால் பிடித்த வீரர் ஃபிரிட்ஜின் மேல் சாய்ந்து, வழுக்கி, தரையில் உட்கார்ந்து, கண்ணைச் செருகிக்கொண்டிருந்தார். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்.

யாரை முதலில் பார்ப்பது என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நாயைத்தான்.

கட்டிலுக்கடியில் பதுங்கியவனைக் கொஞ்சிக் கெஞ்சி இழுத்து, மடியில் கிடத்தி, சுத்தமான துண்டால் அந்த விரலை இறுக்கி அழுத்தினேன். எடுத்து எடுத்துப் பார்க்கச் சொல்லி மனசு அடித்துக்கொண்டது. பார்த்தால் உறைகிற ரத்தமும் கலையும் என்று பல்லைக் கடித்தேன். மைதா நினைவுக்கு வந்தது. ஒரு கையால் துண்டை அழுத்தியபடியே அவனை அடுப்படிக்கு நகர்த்திக்கொண்டு போய், டப்பாவை வாயால் திறந்து, மாவை அள்ளி நகத்தில் அப்பி மறுபடி அழுத்தினேன். அவன் நடுங்கினான். அந்த நடுக்கம் என் கை வழியாக நெஞ்சுக்குள் ஏறியது. வீடும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், இவனுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் போதும் என்று குலசாமியை வேண்டிக்கொண்டேன். நிற்காவிட்டால் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே துண்டில் ஈரம் பரவுவது நின்றுவிட்டது. மெல்ல எடுத்துப் பார்த்தேன். மாவும் ரத்தமுமாகக் கட்டிப்போயிருந்தது. நகம் தரையில் படாதபடி ஒரு பழைய காலுறையைப் போட்டுக் கட்டினேன்.

அதற்குப் பிறகுதான் கணவர் முகத்தில் தண்ணீர் தெளித்தேன்.

"ஆட்டு ரத்தத்துல குளிச்சவரு, இந்தச் சொட்டுக்கு விழுந்துட்டீங்களே!"

"அது சாமி காரியம்டி" என்றார் ஈனசுரத்தில். "இது நம்ம புள்ள."

அந்த ஒரு வார்த்தைக்காக அவரை அதற்குமேல் கேலி செய்யவில்லை. அன்று மட்டும்.

மறுநாள் விடியக்காலம் வழக்கம்போல எழுந்தேன். நாய் காலுறையோடு கணவரின் போர்வைக்குள் மல்லாந்து கிடந்தது. மெத்தை, போர்வை, காலுறை. இதற்குமேல் ஒரு நாயை எப்படிச் சத்தமில்லாமல் ஆக்குவது? நிம்மதியாகப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, ஓனரின் ஒட்டடைக் கம்பைத் திட்டிக்கொண்டே வேலையைப் பார்த்தேன். கதவு தட்டப்பட்டது. திறந்தால் அவரேதான், பனியனும் லுங்கியுமாக.

"நகம் வெட்டியாச்சுன்னீங்க? இன்னும் நடக்குதேம்மா!"

எனக்கு ரத்தம் கொதித்தது. உள்ளே வாங்க என்று கூப்பிட்டு, படுக்கையறைக் கதவை விரியத் திறந்து காட்டினேன். "பாருங்க சார், நல்லாப் பாருங்க. நாலு காலும் மேல இருக்கு. எந்தக் கால்ல நடக்குது?"

நாய் ஒரு கண்ணைத் திறந்தது. கணவர் எழுந்து உட்கார்ந்தார். ஓனர் திகைத்துப்போய் நின்றார். அப்போது அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு நான் ஓடினேன்.

டக், டக், டக், டக்.

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன். ஓனர் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு கால்களிலும் மெட்டி.

நாயின் நகத்தை வெட்டச் சொல்லலாம். கட்டிய புருசன் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போது ஒரு பொம்பளையிடம் மெட்டியைக் கழற்று என்று எந்த ஹவுஸ் ஓனர் சொல்லிவிட முடியும்? அவர் தலையைச் சொறிந்துகொண்டே மெதுவாகச் சொன்னார்.

"எங்க வீட்டம்மாவும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு இப்படித்தான் நடப்பா. அவ சத்தம் கீழ கேட்டுக்கிட்டே இருந்ததுல மேல கேக்குறது தெரியல போல. அவ போனப்புறந்தான்…" நிறுத்திக்கொண்டார். "சரிம்மா. நீங்க பாட்டுக்கு நடங்க. நான் வாரேன்."

படியிறங்கும்போது அவர் முதுகைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இரண்டு டம்ளரில் காப்பியைக் கொடுத்து, அவரோடு உட்கார்ந்து குடித்துவிட்டு வரும்படி கணவரை அனுப்பினேன். வீட்டைக் காலி பண்ணும் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவேயில்லை.

ஆனாலும் மறுநாளே வீட்டுக்குள் போட ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினேன். வாங்கிய அன்று சாயங்காலமே நாய் அதில் ஒன்றைக் கடித்துக் குதறி, குதிகால் பக்கத்தைத் தின்றேவிட்டது. கட்டுப் போட்ட காலால் மிச்சத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. மற்ற செருப்பையும் எடுத்து அதன் முன்னால் வைத்தேன்.