துளையில்லாத டிஸ்க்

நெதர்லாந்தில் நான் வேலை செய்யும் கராஜுக்கு வரும் கார்களில் பாதிக்கு பிரேக் டிஸ்க் தேய்ந்து போவதில்லை, துருப்பிடித்துப் போகிறது. சக்கரத்தோடு சுற்றும் அந்த இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பேட் கவ்வினால்தான் கார் நிற்கும். ஆனால் இங்கே இறக்கமே கிடையாது, கவ்வுவதற்கு வேலையும் இல்லை. வந்த புதிதில் முதலாளி ஒரு ஜோடியைக் கழற்றி எறியச் சொன்னபோது அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். ஒழுங்காக வேலையே செய்யாமல் ஒரு டிஸ்க் பென்ஷன் வாங்குமா! இலங்கை மலைநாட்டில், எங்கள் பொகவந்தலாவையில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

பொகவந்தலாவையில் என் அக்காவின் கணவர், அதாவது என் மச்சான், வேன் ஓட்டுகிறார். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் பதினாலு பேரை ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்பு கார்மெண்ட் பாக்டரி வேலைக்குக் கூட்டிப்போவார். அதில் ஒருத்தி அவருடைய மகள் கவிதா. ஹட்டன் தாண்டி, கினிகத்தேனையிலிருந்து பொல்பிட்டிய பக்கம் இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக் வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த இறக்கத்தில் பிரேக் சூடேறி, பிடிக்காமல் பெடல் அடிவரை போய்விட்டது. கியரைக் குறைத்து, மண் மேட்டில் உரசி நிறுத்தியிருக்கிறார். அதை என்னிடம் சொன்னது அவர் இல்லை, கவிதா. அவரோ மறுநாள் போன் எடுத்து, "தம்பி, வீடியோவில பாத்தேன், ஓட்டை ஓட்டையா ஒரு டிஸ்க் இருக்குல்ல? சூடு சீக்கிரம் எறங்குமாம். நம்ம வேனுக்கு அனுப்புங்க" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளிநாட்டிலிருந்து மச்சானுக்கு அனுப்புவதென்றால் பார்த்தவர்கள் நாலு பேர் கேட்க வேண்டாமா? அவருடைய வேனுக்கே பொருந்தும் துளையிட்ட டிஸ்க்கை வரவழைத்தேன். அருமையான பொருள், வெள்ளி மாதிரி மின்னியது. சாப்பாட்டு மேசையில் வைத்து நானும் மனைவியும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அந்த வாரம் எங்கள் வாடிக்கையாளர் ஹெங்க் ஒத்தாசைக்கு என்னைக் கூப்பிட்டார். அவர் தன் காரை வார இறுதியில் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர். மாலை மங்கும் நேரம் வேகமாகச் சுற்றிவிட்டு உள்ளே வந்தார். சக்கரத்தின் இடுக்கில் அவருடைய துளையிட்ட டிஸ்க் செக்கச்செவேலென்று எரிந்தது. இத்தனை வருஷம் பிரேக் வேலை பார்த்தும் நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. ஓடி வந்த அவ்வளவு வேகமும் அந்த ஒரு தட்டுக்குள் போய் நெருப்பாகியிருந்தது. கை சும்மா இருக்குமா? ஓடிப்போய் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்தேன்.

"எங்கே உருளப்போகிறது? இந்த நாட்டிலா?" என்று ஹெங்க் சிரித்தார். எங்கள் ஊர் இறக்கத்தில் பாதியில் ஒரு முனியாண்டி கோயில் உண்டு. எல்லா வண்டியும் அங்கே நிற்கும். பெண்கள் சூடம் கொளுத்துவார்கள். கொதிக்கிற பிரேக்கைப் பிடித்துவைக்கக் கூடாதென்று, ஹேண்ட் பிரேக் இழுக்காமல் கட்டைதான் போடுவார்கள். இதையெல்லாம் சொல்ல என் டச்சு போதவில்லை. "கோயிலில் இப்படித்தான்" என்றேன். நான் அவர் காரைக் கும்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார். பிறகு நான் தட்டுத்தடுமாறி விளக்கியதும் சிரிப்பு நின்றது. "இதைக் கற்க நான் காசு கட்டிப் பயிற்சிக்குப் போனேன்" என்றார். எங்கள் டிரைவர்களை நினைத்து எனக்குப் பிரமிப்பாக இருந்தது. சாமிக்கு நிற்பதும் பிரேக்குக்கு நிற்பதும் அவர்களுக்கு ஒரே வேலை.

திங்கட்கிழமை அந்தச் சக்கரத்தைக் கழற்றினேன். துளைக்குத் துளை தலைமுடி போல வெடிப்பு ஓடியிருந்தது. "ஆமாம், அடிக்கடி மாற்றிவிடுவேன்" என்றார் ஹெங்க், சாதாரணமாக. அவரால் முடியும். மச்சான் ஒரு தடவை மாட்டினால் தேயும்வரை கழற்ற மாட்டார். துளை போட்ட இடத்தில் இரும்பு குறைவு. நீண்ட இறக்கத்தில் சூட்டை வாங்கிக்கொள்ள இரும்புதான் வேண்டும். அன்றைக்கே துளை டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நடுவில் காற்றுப் போகும் கனமான, துளையில்லாத டிஸ்க்கும் நல்ல பேடும் புது பிரேக் எண்ணெயும் அனுப்பினேன்.

பார்சல் கிடைத்ததும் மச்சான் போன் எடுத்தார். "என்னங்க தம்பி, இது ஹட்டன் கடையிலயே கெடைக்குமே. செலவுன்னா சொல்லியிருக்கலாம்ல."

சுருக்கென்றது. "செலவில்ல மச்சான். அது வெடிக்குது, கண்ணால பாத்தேன். கவிதா போற வண்டிங்க."

"சரி, மாட்டுறேன்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு, சமையலறையில் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கவிதா வீடியோவில் வந்தாள். வேன் கோயிலைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் பெண்களின் பேச்சு, ஹார்ன், ஜன்னலில் சாய்ந்து ஓடும் தேயிலை. போனை முன்பக்கம் திருப்பினாள். எதிரே ஒரு பெரிய வளைவு, அதற்குள் ஏறிவரும் பஸ். வேன் அடங்கி, ஒதுங்கி, நின்றது. பஸ் போனது.

"பெடல் மேலயே நிக்குது தம்பி" என்றது மச்சானின் குரல்.

மனைவி என் காலைப் பார்த்தாள். கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கிற எங்கள் வீட்டின் தரையை, என் வலது கால் விறைத்துப்போய் முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது. இறக்கம் முடியும்வரை என்னால் அதை எடுக்க முடியவில்லை.